மேனேஜரின் போனில் மூன்றாம் பாடம்

பதினாறு வருடமாகப் பழைய முறையில் வலைப்பக்கம் எழுதிக்கொண்டிருந்த என்னை, புது ப்ராஜெக்ட்டுக்காக ரியாக்ட் என்ற புது முறையைப் படிக்கச் சொல்லிவிட்டார்கள்.

"ரெண்டே வாரம்தான், ஈஸி" என்றார் எங்கள் மேனேஜர். நான்கு வாரம் ஆகிவிட்டது. ஆபீஸில் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் ரகசியமாகப் படிக்கிறேன்.

இன்று காலை புதுப்பட்டினத்தில் பஸ் ஏறினால், எனக்கு முன் சீட்டில் மேனேஜர். காரை சர்வீஸுக்கு விட்டிருக்கிறாராம்.

அவர் போனில் ஒரு வீடியோ. நான் பத்து முறை பார்த்த அதே மூன்றாம் பாடம். நிறுத்தினார், திரும்ப ஓட்டினார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சார், எனக்கும் அந்த இடம்தான் புரியல" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீயுமாம்மா? எனக்கு மட்டும்தான் ஏறலைன்னு நெனச்சுகினு இருந்தேன். ஆபீஸ்ல யார்கிட்ட போய்க் கேக்கறது, சொல்லு?"

பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வா, உக்காரு" என்றார்.

ஆபீஸ் இருக்கும் நாவலூர் வரும்வரை இருவரும் ஒரே போனில் பார்த்தோம். பாதிதான் புரிந்தது. ஆனால் நான்கு வாரமாக இருந்த பயம் போய்விட்டது.

அந்த மூன்றாம் பாடத்தில் வரும் 'ஸ்டேட்' என்றால் என்னவென்று எளிமையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கேட்பது நான் மட்டும்தான் என்று எழுதச் சொல்லியிருக்கிறார் மேனேஜர்.