தார்ப்பாயின் நான்காவது மூலை

பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையை விட்டுக் கிளம்பிக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். யாரோடும் சண்டை இல்லை. ஒரே இடத்தில் சில மாதம் இருந்தால் எனக்குக் கால் நிற்காது, அவ்வளவுதான். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். வெயில் சுட்டாலும் மேற்கே மேகம் திரண்டிருந்தது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. மேலே நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் கயிறு அவிழ்ந்து, அது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை எங்கே போவதென்று முடிவு செய்திருக்கவில்லை. அண்ணியைப் பார்க்கப் போகலாம் என்று தோன்றியது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நாங்கள் இருளர்கள். மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில், வேலிக்காத்தான் புதரை வெட்டி ஒதுக்கிய இடத்தில் எங்கள் குடிசைகள் இருந்தன. தை பிறந்தால் உப்பள வேலை. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கிவிடும். அப்போது குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டவும் மரம் வெட்டவும் போய்விடுவோம். திரும்பி வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நின்றால், “பேர எடுத்தாச்சுப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்பார்கள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும், பெயர் போகும் என்பதுபோல் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் ஏழாவதோடு நின்றேன். அண்ணி எட்டாவது வரை தாக்குப்பிடித்தவர்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த வருடம்தான் அந்த டீச்சரும் வந்தார். விழுப்புரத்துப் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளை அவரை அனுப்பியிருந்தது. ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்றுதான் அதுவரை வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். இவர், “உங்களுக்கு எப்பங்க கை ஒழியும்?” என்று கேட்டார். விடிவதற்கு முன் பாத்தியில் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் கரையேறுவோம் என்றோம். அதற்குப் பிறகுதான் பள்ளி என்று முடிவானது. நான்கு சவுக்குக் கம்பங்களை நட்டு, மேலே ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டினோம். சுவர் கிடையாது, மணி கிடையாது. உப்பு வாரிய கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் விரல் வெடிப்புகளில் எரியும். பேனாவை இறுக்கிப் பிடிக்க முடியாது. கரும்பு வெட்டப் போன ஊர்களுக்கும் டீச்சர் பஸ் ஏறி வந்தார். மாசி மகத்துக்குக் கன்னியம்மனைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்தபோதும் வந்தார். ஈர மணலில் முக்கோணம் போடச் சொல்லி, “அலை வந்து அழிக்கறதுக்குள்ள போடுங்க பாக்கலாம்” என்று சிரித்தார். அண்ணி போட்டு முடித்துவிடுவார். என்னுடையது பாதியில் கடலுக்குப் போய்விடும்.

எங்கள் பள்ளியில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. இடி இடித்தால் வகுப்பு நின்றுவிடும். கூரையை அவிழ்த்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓட வேண்டும். கோடையில் திடீர் மழை வந்தால் குவித்த உப்பு கரைந்து ஓடும். பாத்தியில் நல்ல தண்ணீர் நின்றுவிட்டால் பல நாளைக்கு வேலை இருக்காது. அதனால் இடிச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் கல்யாணப் பந்தியிலிருந்தும் எழுந்து ஓடுவார்கள், சாவு வீட்டிலிருந்தும் ஓடுவார்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். தார்ப்பாய்க்கு நான்கு மூலை. அண்ணன் ஒன்று, அம்மா ஒன்று, நான் ஒன்று. கடல் காற்று நேராக வந்து மோதும் நான்காவது மூலை அண்ணியுடையது. டீச்சர் எங்கள் புத்தகங்களைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நனைந்தபடி நிற்பார். “பாடம் எங்கயும் ஓடிடாது, உப்புதான் ஓடும். போங்க, போங்க” என்பார்.

அப்படி இரண்டு வருடம் போனது. தனித்தேர்வர்களாக எங்கள் சிலரைப் பத்தாவது எழுத வைக்க ஏற்பாடு செய்தார். அந்த வருடத்தோடு அவர் தன் கணவர் வேலை செய்யும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களிலேயே பத்தாவது தேறிய ஒருவர் பொறுப்பேற்றால் பள்ளியைத் தொடர்வோம், இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்று அறக்கட்டளையில் சொல்லிவிட்டார்கள். யார் தேறுவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அம்மாகூட அண்ணியிடம், “நீ பாஸ் ஆவலன்னா கூரைய மடிச்சி எடுத்துக்கினு பூடுவாங்கடி” என்று கேலியாகச் சொல்வார். அண்ணி சிரிக்கமாட்டார்.

கணக்குத் தேர்வு நாள். மரக்காணத்தில் ஒரு பள்ளியின் நீண்ட அறை. எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அண்ணி. காலையிலிருந்தே புழுக்கம். பாதி எழுதிக்கொண்டிருந்தபோது மேற்கே இடித்தது. நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தோம். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் பதறிப்போய், “ஏம்பா, எங்க போறீங்க? வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது” என்றார். நல்ல மனிதர்தான். இரண்டு முறை சொன்னார். நான் அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தேன்.

எங்கள் பள்ளியின் கூரையை அவிழ்த்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினேன். அண்ணனும் அம்மாவும் குவியலருகே காத்திருந்தார்கள். மூன்று பேர் மூன்று மூலையைப் பிடித்தோம். நான்காவது மூலை எங்கள் தலைக்கு மேல் எழும்பி எழும்பி அடித்தது. ஒரு குவியலை எப்படியோ மூடினோம். அடுத்ததற்கு ஓலை எடுப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. உப்பு, பால்போல வாய்க்காலில் இறங்கியது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. சாலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

மழை விட்ட பிறகு அண்ணி வந்தார். சேலை நுனிகூட நனையவில்லை. அதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. “வழி வுடுங்கம்மா, கலெக்டரு வர்றாங்க” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. யாரோ சிரித்தார்கள். அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார். அண்ணன் அவரோடு பல நாள் பேசவில்லை. டீச்சர் குடிசை குடிசையாக ஏறி இறங்கினார். “இடி இடிச்சா ஓடுன்னு சொல்லிக் குடுத்ததே நான்தாங்க. அன்னிக்கு ஒரு நாள் ஓடாதன்னு சொல்ல மறந்துட்டேன். அவள ஏசாதீங்க” என்றார். எங்களுக்காக அத்தனையையும் வளைத்துக் கொடுத்தவர் அவர். தேர்வை மட்டும் அவரால் வளைக்க முடியவில்லை.

நான் அதற்குப் பிறகு எந்தத் தேர்வுக்கும் போகவில்லை. ஓடியது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அந்த ஒரு குவியலாவது மிஞ்சியது. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள் அண்ணியிடம் கேட்டேன்.

“எப்படி அண்ணி உக்காந்த?”

“எங்கடா உக்காந்தேன்? காலு ரெண்டும் வாசலுக்குப் போயிடுச்சு. கைதான் பெஞ்ச வுடல” என்றார்.

அதற்குப் பிறகு இறால் பண்ணை, போர்வெல் லாரி, கீழ்புத்துப்பட்டில் ஒரு ஓட்டல், செங்கல் சூளை என்று காலம் ஓடியது. அண்ணி தேறிய செய்தியைப் போர்வெல் லாரியில் இருந்தபோது போனில் கேட்டேன். பள்ளியை அவரே எடுத்து நடத்துகிறார் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அம்மா இறந்தபோது வந்தேன். காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

டிராக்டர் போன வழியே நடந்து, பொழுது சாய்வதற்குள் மரக்காணம் சேர்ந்தேன். நான்கு கம்பங்களின் இடத்தில் இப்போது சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் இருந்தன. அண்ணியின் தலையில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பிள்ளைகளிடம், “எல்லாரும் பாத்துக்குங்க, பாதிப் பரிட்சையில எழுந்து ஓடுனவரு இவருதான்” என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சோறு கேட்டு வந்தியா, வேல கேட்டு வந்தியா?”

“ரெண்டுந்தான்.”

“ஒரு வேல இருக்குது. நாளைக்கு இதுங்களுக்குக் கணக்குப் பரிட்ச. வானத்தப் பாத்த இல்ல?”

பிள்ளைகளில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. இடி இடித்தால் என்ன ஆகும் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணி ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, அந்த வீட்டுக் குவியலில் அந்தப் பிள்ளையின் மூலையை யார் பிடிப்பார்கள் என்பதையும் சொன்னார். ஒரு பிள்ளைக்குப் பெரியப்பா, இன்னொன்றுக்குத் தேறிவிட்டுப் போன பழைய மாணவி. வருடா வருடம் தேர்வுக் காலத்தில் இப்படித்தான் செய்கிறாராம். கடைசியில் ஒரு பெண் மிஞ்சினாள். அண்ணனின் மகள். “என் மூலய யாரும்மா புடிப்பாங்க?” என்றாள். அண்ணி என்னைக் காட்டினார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சித்தப்பா நடுவுல எங்கயும் ஓடிட மாட்டாரே?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேர்வு நடக்கும் பள்ளிக்குப் போனார். நான் அண்ணனோடு உப்பளத்தில் நின்றேன். அண்ணன் அதிகம் பேசுகிறவன் இல்லை. தார்ப்பாயை விரித்தபோது கடல் பக்கத்து மூலையை என் கையில் கொடுத்து, “அது உங்க அண்ணி மூல. காத்து இழுக்கும், சுத்திப் புடிச்சிக்க” என்று மட்டும் சொன்னான். கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். தேர்வு பாதி நடந்திருக்கும். மேற்கே இடித்தது. குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்தோம். காற்று வந்து மோதியது, மூலை என் கையை விட்டுப் போகவில்லை.

மழையின் முதல் துளிகள் விழுந்தபோது நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தோம். சாலை நெடுக வெறிச்சென்று கிடந்தது. யாரும் ஓடி வரவில்லை.