வளையல் கையும் பிரஷர் பட்டையும்

எனக்குத் தலைச்சன் பிள்ளை. ஏழாம் மாதத்தில் பிரஷர் எகிறிவிட்டது. மாத்திரைக்கு இறங்காவிட்டால் திருச்சிக்கு அனுப்பிக் குறைமாதத்திலேயே பிள்ளையை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அரியலூர் டாக்டரம்மா. நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

உடன் வந்த மாமியார் மட்டும் அசரவில்லை. "எனக்கும் பிரஷர்தாங்க. வூட்ல எம் மாத்திரை கெடக்கு, அதுல பாதி குடுத்தா ஆவாதா?"

"ஒங்களுக்கு நான் எழுதிக் குடுத்தத இவ தொடவே கூடாது. பொறக்குற புள்ளைக்கு மூக்கடைச்சிக்கும். கால் வீங்கியிருக்கேன்னு நீர் பிரியற மாத்திரையும் வேணாம், புள்ளைக்குப் போற ரத்தம் கொறையும். இது மெத்தில்டோபா. வயித்துப் புள்ளைக்கு ஆவுற மருந்து. தூக்கந்தான் வரும்."

வந்தது பாருங்கள் தூக்கம்! வளைகாப்பு மணையில் உட்கார்ந்தபடியே ஆடி விழுந்தேன். தலை கிறுகிறுத்தது, எதைப் பார்த்தாலும் சிரிப்பு. வேடிக்கை என்னவென்றால், வளையல் போட வந்த மாமியாரும் ஒரு கைக்குப் போட்டுவிட்டு என் தோளிலேயே கண்ணயர்ந்துவிட்டார். ஆக்கிப் போட்ட அலுப்பு என்றார்கள் உறவுக்காரப் பெண்கள்.

மறுபடி எங்கள் ஊர் செந்துறையிலிருந்து அரியலூருக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா பட்டையைச் சுற்றி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் காதில் வளையல் சத்தம்தான் கேட்டது.

"கழட்டுங்க."

"பிரசவம் ஆவாம கழட்டக் கூடாதுங்க!" மாமியார் என் வளையல்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டார். கண் பிதுங்கியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதடி, ஏறிடப் போவுது!"

பாதரசம் இறங்கி நின்றது. "கொறஞ்சிருக்கு. திருச்சி வேணாம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. "மாத்திரை மிச்சம் இருக்குல்ல?"

மாமியார் சுவரைப் பார்த்தார். "தீந்துபோச்சுங்க. காலையில மொதல்ல நான் ஒண்ணு போட்டுப் பாப்பேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னாதான் இவளுக்குக் குடுப்பேன்."

"அப்ப ஒங்க மாத்திரை?"

"அத நிறுத்திட்டேன். ரெண்டையும் போட்டா எது என்ன பண்ணுதுன்னு எப்புடிங்க தெரியும்?"

டாக்டரம்மா வெளுத்து வாங்கினார். திட்டிக்கொண்டே பட்டையை அவிழ்த்து மாமியார் கையில் சுற்றினார். பார்த்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒங்களுக்கும் கொறஞ்சுதான் இருக்கு. இருந்தாலும் நாளையிலேருந்து ஒங்க மாத்திரைய மட்டும் போடணும், சொல்லிட்டேன்."

"எனக்குக் கெடக்குங்க. புள்ளைக்கு ஆவுதுல்ல?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திரும்பும்போது இருவரும் பஸ்ஸில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கி, செந்துறையைத் தாண்டிப் போய்விட்டோம்.