ஏழுக்குப் பத்து

“பேனா புடிச்ச கைக்கு வயித்துக்குள்ள இருக்கறது என்னா தெரியும்?”

என் கணவரின் அம்மா இதைச் சொன்னபோது எனக்கு ஆறாம் மாதம். கிளினிக்கில் கொடுத்த கர்ப்பிணி அட்டையை ஜன்னலோரம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை ரொட்டிக்கு மா பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல், அடுப்பிடம் சொல்வதுபோல் சொன்னார். நான்கு பிள்ளைகளைப் பெற்றவர் அவர். நால்வரையும் சுமந்துகொண்டே மலை ஏறித் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். நான் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் கர்வம் இருந்தது.

கர்வத்துக்குக் காரணமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். என் அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. நான் உயர்தரப் பரீட்சை எழுதி, கல்வியியற் கல்லூரிக்குப் போய், ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். கல்யாணமாகி ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்டத்து வரிசை வீடான இந்த லயத்துக்கு வந்த பிறகு, குழாயடியில் எனக்கு வழிவிட்டார்கள். சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் அது என் காம்பராவுக்குத்தான் முதலில் வரும். அத்தைகூட வெளியில் என்னை ‘எங்க வீட்டு டீச்சர்’ என்றுதான் சொல்வார்.

பக்கத்துக் காம்பராவில் இருந்தவளுக்கும் அப்போது பிள்ளை வயிற்றில். எங்கள் இருவருக்கும் பத்து நாள் வித்தியாசம், அவள் முந்தி. என்னைவிட நான்கு வயது இளையவள், எல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். என்னை ‘டீச்சரக்கா’ என்று கூப்பிடுவாள். எங்கள் இரண்டு காம்பராக்களுக்கும் நடுவில் ஒரே சுவர். ஏழாம் மாதத்தில் அவளுக்கு வளையல் போட்டபிறகு, அவள் மாவு அரித்தாலும், தலை சீவினாலும், அந்தக் கண்ணாடிச் சத்தம் என் பக்கம் கேட்கும்.

அந்த மாதங்களில் எனக்குச் சின்னச் சின்ன சந்தோஷங்கள் நிறைய இருந்தன. பாடசாலை விட்டு வரும்போது பதுளை பஸ் நிலையத்தில் வெரளிக்காய் வாங்குவேன். உப்பும் மிளகாய்த் தூளும் போட்ட பொட்டலத்தைப் பாதி தின்று, பாதியை அவளுக்குக் கொண்டுவருவேன். மலைப் பாதையில் பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் உள்ளே இருந்ததும் சேர்ந்து புரளும். என் கணவர் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை. பின்னேரம் அவர் அனுப்பும் குரல் செய்தியை வயிற்றில் போனை வைத்துக் கேட்கவிடுவேன். அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். “இப்பவே போன் குடுத்துப் பழக்குறீங்க டீச்சரக்கா, வெளிய வந்ததும் ரீலோட் கேக்கும் பாருங்க” என்பாள்.

ஒரு தடவை இருவரும் ஒன்றாகப் பதுளைக்குப் போனோம். ஒரு கடையில் கம்பளித் தொப்பிகள் தொங்கின, உள்ளங்கை அளவு. பிறக்குமுன் பிள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று அவளிடம் சொன்னேன். ஆனாலும் வாங்கவில்லை. இருவரும் ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் கைமுட்டியை விட்டு அளவு பார்த்துவிட்டு, கடைக்காரர் முறைக்கும்வரை நின்றுவிட்டு வந்தோம்.

எட்டாம் மாதம் தொடங்கும்போது மிட்வைஃப் மிஸ் எங்களுக்கு இன்னொரு அட்டை கொடுத்தார். பிள்ளையின் துடிப்பை எண்ணிக் குறிக்கும் அட்டை. காலை ஒன்பது மணியிலிருந்து எண்ண வேண்டும். பத்துத் தடவை அசைந்ததும் அந்த நேரத்துக்கு உரிய கட்டத்தை நிரப்ப வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து வராவிட்டால் என்ன செய்வது என்பதை மிஸ் தன் உடைந்த தமிழில் மூன்று முறை சொன்னார். “பத்து வர இல்லையா, ஒன்னும் யோசிக்க வேணாம். நேரே ஆஸ்பத்திரி.” பிறகு என்னைக் காட்டி, தெரியாதவர்கள் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் அவள் அட்டையோடு வருவாள். அவளுக்கும் எழுதத் தெரியும். “ஒங்க கையால போட்டா அட்டை அழகா இருக்கு” என்பாள். அவள் எண்ணும் விதம் வேறு. நனையாதிருக்கப் படங்குச் சாக்கைக் கட்டிய இடுப்பில் இடப்பக்கம் பத்துத் தேயிலைக் கொட்டைகளை முடிந்துகொண்டு மலைக்குப் போவாள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கொட்டை வலப்பக்கம் மாறும். இடப்பக்கம் காலியான நேரத்தைப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவளின் போனில் பார்த்து வைத்துக்கொள்வாள்.

நான் எண்ணவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பவள் எப்படி எண்ணுவாள்? முதல் மூன்று நாள் முயன்றேன். பிறகு பின்னேரம் வந்து, இன்று நன்றாகத்தான் அசைந்தது என்று நினைத்து, ஏதாவது ஒரு கட்டத்தை நீல மையால் ஒழுங்காக நிரப்பிவிடுவேன். அடுத்த கிளினிக்கில் மிஸ் எங்கள் இருவரின் அட்டைகளையும் உயர்த்திப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டினார். இப்படி வைத்திருக்க வேண்டும் என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது பெருமையோடு என் அட்டையை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

தோட்டத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு நாள் வேலையை நாங்கள் ‘பேர்’ என்போம். கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப் பேர்தான். ஆனால் குறைந்தவள் பிள்ளைத்தாய்ச்சி என்றால், நல்ல கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தும் பார்க்காததுபோல முழுப் பேர் போட்டுவிடுவார். நான் வயிற்றில் இருந்தபோது என் அம்மாவுக்கு அப்படி எத்தனையோ முழுப் பேர் விழுந்ததாம். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. மனிதத்தன்மை என்போம். நான் அதைக் கேட்டு வளர்ந்தவள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. அவள் நனைந்து வந்து, வாசலில் நின்றபடியே உள்ளங்கையை விரித்து, வலப்பக்கம் மாறிய கொட்டைகளைக் காட்டினாள்.

“இன்னிக்கு ஏழுதான் டீச்சரக்கா. சறுக்கல்ல ஏறி எறங்குனதுல எனக்குத் தெரியாமப் போச்சோ என்னமோ.”

என் கையில் பேனா இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இரவு ஒன்பதுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது, படுக்கச் சொல்லி எண்ணியிருக்கலாம். அப்போதும் வராவிட்டால் ஆட்டோவைக் கூப்பிட்டுப் பதுளைக்குப் போயிருக்கலாம். மழை என்றும், அவள் வீட்டுக்காரன் ஃபெக்டரியில் வேலையில் இருக்கிறான் என்றும் பின்னால் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நேரம் நான் நினைத்தது திங்கட்கிழமைக் கிளினிக்கைத்தான். எங்கள் லயத்து அட்டையில் ஒரு ஓட்டை விழுவதைத்தான். அதோடு, நான் எண்ணாமலே போட்ட பத்துகளால் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றும் நினைத்தேன்.

“நீ ஒரு எடத்துல சாஞ்சிருந்தா பத்து வந்திருக்கும். பத்துன்னே போட்டுடுறேன்.”

“மிஸ் ஏசாதுல்ல?”

“ஏசாது.”

அவள் முகம் தெளிந்தது. “முழுப் பேர் போட்டுட்டீங்க” என்று சிரித்தாள். பிறகு இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து அன்றைய வெரளிக்காயைத் தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் அட்டை என் மேசையிலேயே கிடந்தது. அன்றைய கட்டத்தை அவளைக் கேட்காமலே நிரப்பினேன்.

திங்கட்கிழமை கிளினிக்கில் அவளைத்தான் முதலில் படுக்கச் சொன்னார்கள். மிஸ் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை அவள் வயிற்றில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார். வாங்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மிஸ் அட்டையை எடுத்துப் பார்த்தார். நேற்றும் பத்துத்தானே என்று அவளிடம் கேட்டார். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாங்க மிஸ்” என்றாள்.

வாகனம் வந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிள்ளை. உயிர் இல்லை. அவள் வீட்டுக்காரனும் இன்னும் இரண்டு பேரும் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து, மழை விட்ட நேரம் பார்த்து, மலைக்கு அந்தப் பக்கம் புதைத்துவிட்டு வந்தார்கள். ஐந்தாம் நாள் அவளைக் கூட்டிவந்தார்கள். வளையல்களை ஆஸ்பத்திரியில் கழற்றிவிட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை.

அவள் மாமியாரின் குரல் மட்டும் கேட்டது. உச்சிப் பொழுதில் ஓடையைத் தாண்டாதே என்று சொன்னேன், கேட்டாளா, அங்கே இருப்பது பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. காலையில் இதே பேச்சு, பின்னேரம் இதே பேச்சு. குழாயடியிலும் அதுவே பேச்சாயிற்று. சிலர் அன்னாசி தின்றாள் என்றார்கள். ஒருத்தி, தொப்பிக் கடைக்குப் போனாளாமே என்றாள். அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிள்ளைத்தாய்ச்சி அந்தக் காம்பராவுக்குள் போகக் கூடாது, தீட்டு என்று அத்தை என்னைத் தடுத்தார். வேறு நேரமாக இருந்தால் அரை மணி நேரம் வாதாடியிருப்பேன். இப்போது அந்தத் தீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு என் கதவுக்குள் நுழைந்துவிடுவேன். வளைவுகளில் பிள்ளை புரளும்போது கையை வயிற்றில் வைக்கப் பயமாக இருந்தது. பதுளையில் வெரளிக்காய்க்காரர் வழக்கம்போலப் பொட்டலத்தை நீட்டினார். வேண்டாம் என்று சொன்னேன். அப்படிப் பதினொரு நாள். அத்தனை நாளும் என் அட்டையில் பத்துப் பத்தாக நிரப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, சுவர் வழியே ஒரு முடிவைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப்போக வேண்டும். ராசியில்லாத வயிற்றை இங்கே வைத்திருக்க முடியாது என்றார் மாமியார். வீட்டுக்காரன் ஏதோ முனகினான். அதற்கும் மேல் இல்லை. அப்போதுதான் அவள் குரலைக் கேட்டேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு.

“ஆமா, நான் ஓடையத் தாண்டுனதுதான்.”

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வாசலில் போய் நின்றேன். மாமியார் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வராதே என்பதுபோல் கையைக் காட்டினார். அவள் உள்ளே பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் படியில் நின்றே சொன்னேன்.

“அன்னிக்கு சனிக்கெழம இது ஏழுன்னுதான் சொன்னிச்சு. பத்துன்னு நான்தான் போட்டேன். ஞாயித்துக்கெழம கேக்கவே இல்ல, நானா போட்டேன்.”

மாமியாருக்கு விளங்கவில்லை. அட்டை என்றால் என்ன, ஏழு என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏழுன்னே போட்டிருந்தா?” என்று கேட்டாள்.

“சனிக்கெழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம்.”

“புள்ள இருந்திருக்குமா?”

“தெரியாது.”

அவள் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அப்ப ஓடை இல்ல” என்றாள்.

மாமியார் சுளகைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து என்னென்னவோ சொன்னார். என் படிப்பையும், என் பேனாவையும், என் வயிற்றையும் சொன்னார். லயத்துக் கதவுகள் திறந்தன. நான் நின்று கேட்டேன். கடைசியில் உள்ளேயிருந்து அவள்தான் பேசினாள். “நீங்க போங்க டீச்சர்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்தார். அவளைத் தடுக்க மாமியார் ஒரு வார்த்தை சொன்னார் என்று அத்தை என்னிடம் சொன்னார், அது உண்மையா என்று தெரியாது. அவள் ஒரு பையோடு போனாள், என் கதவைப் பார்க்கவில்லை. இனி இந்த லயத்துக்கு வருவாளா என்பதை யாரும் சொல்லவில்லை. ஓடைப் பேச்சு மட்டும் நின்றுவிட்டது. இப்போது குழாயடியில் என்னைப் பற்றிய பேச்சு. நான் போனால் யாரும் குடத்தை நகர்த்துவதில்லை, என் முறை வரும்வரை நின்று பிடிக்கிறேன்.

“யாருக்கும் தெரியாத விசயம். ஏன் வாயத் தொறந்தே?” என்று அத்தை கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஏழு வாரமாக என் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அசைகிறது என்று எனக்கும் தெரியாது, உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். முறை வந்ததும் மிஸ்ஸின் மேசையில் என் அட்டையை வைத்தேன். முதல் மூன்று நாளுக்குப் பிறகு இதில் ஒரு கட்டமும் நான் எண்ணிப் போட்டதில்லை, அவள் அட்டையில் கடைசி இரண்டு நாளும் நான் போட்ட பொய் என்றேன். தமிழில் ஒரு முறையும், விளங்காமல் போய்விடக் கூடாது என்று சிங்களத்தில் ஒரு முறையும் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். என் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்து கட்டிலைக் காட்டினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன்.