முகாம் படத்துக்குப் பொட்டு வைத்த கதை

பிள்ளைகளா, போன வாரம் கோட்டுச்சேரி பெரிய மாமா வீட்டில் ஒரு பழைய படத்தைப் பார்த்துவிட்டு, நடுவில் ஏன் ஓட்டை என்று கேட்டீர்கள். எலி கடித்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். எலி சதுரமாகக் கடிக்காது. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

படத்தை வரைந்தவர் மாமாவேதான், என் அம்மாவின் அண்ணன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாம் போனவர். அப்படிப் போய்வந்தவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். அங்கே ஒரு சண்டை முடிந்த மறுநாள், தோட்டாப் பெட்டிமேல் உட்கார்ந்து பென்சிலால் முகாமை வரைந்திருக்கிறார். எனக்கு அது பெரிய ஏமாற்றம். யாரும் சுடவில்லை, யாரும் விழவில்லை. இரண்டு கூடாரம், கொடியில் ஈரத்துணி, அடுப்பில் ஒரு அண்டா, ஒன்பது ஆள். சண்டை ஜெயித்ததா தோற்றதா என்றுகூடத் தெரியாது.

அட்டையில் ஒட்டிய அந்தப் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஆயுதபூசைக்கு மட்டும் பூட்ஸோடும் மெடலோடும் வெளியே வரும். நான் நாலாவது படித்த வருஷம், சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலையை மாமி என்னிடம் கொடுத்தார்.

"ஒண்ணு விடாம வைடா."

அரிவாளுக்கு வைத்தேன், சைக்கிளுக்கு வைத்தேன், தையல் மெஷினுக்கு வைத்தேன். படத்துக்கு அட்டை ஓரத்தில் ஒரு பொட்டு போதும். நான் தீக்குச்சி முனையால் ஆளாளுக்கு நெற்றியில் வைத்தேன்.

மாமா வந்து பார்த்தார். அடி விழும் என்று தள்ளி நின்றேன்.

"எட்டுப் பேருக்குத்தான வெச்சிருக்க?"

"இவரு திரும்பி உட்கார்ந்திருக்காரு மாமா. நெத்தி அந்தப் பக்கம் இருக்கு."

"அவன்தான்டா சுரக்குடிக்காரன். இந்தப் பக்கம் திரும்புடான்னு கத்துறேன், சட்டைய அலசிட்டுத் திரும்புறேன்னான். அதுக்குள்ள இருட்டிடுச்சி."

படம் வரைந்த அடுத்த வாரமே அந்த ஆள் செத்துப்போனார் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

அந்தச் சுரக்குடிக்காரரின் மகன்தான் அன்றைக்கு வருவதாக இருந்தது. தகப்பன் கப்பல் ஏறும்போது அவர் தாய் வயிற்றில் இருந்தாராம். வீட்டில் இருந்த ஒரே போட்டோவும் ஒரு புயலில் போய்விட்டது. அடையாளம் சொல்ல இருந்த அம்மாவும் முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா ஒரு கல்யாண வீட்டில், "ஒங்கப்பன நான் வரைஞ்சி வெச்சிருக்கேன்" என்று அவரிடம் வாய்விட்டுவிட்டார்.

பதினொரு மணி பஸ்ஸில் அந்த மகன் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இதுல எங்கப்பா யாருங்க?"

மாமாவின் விரல் படத்துக்குமேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம், தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒருவர் பக்கத்தில் இறங்கியது. அவர் யானம்காரர், தெலுங்கு பேசுகிறவர். மாமாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"மாமா, அவரு வந்து..."

"உள்ள போயி மாமிகிட்ட பொரி வாங்கிட்டு வா."

பொரியோடு வந்தபோது அவர் அட்டையை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது அப்படியே எனக்கு இருக்குற மாதிரியே இருக்குங்க."

மாமியும் எட்டிப் பார்த்து, "அச்சு அசலா இருக்கு தம்பி" என்றார்.

அப்போதுதான் வந்தவர் படத்தில் நெற்றிப் பொட்டைக் கவனித்தார். "வருசா வருசம் பொட்டு வைப்பீங்களாங்க?"

"இவன்தான் வைப்பான்" என்று மாமா என்னைக் காட்டினார்.

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொரி கொஞ்சம் கீழே சிந்தியது.

மாமா பிளேடு எடுத்து யானம்காரரைச் சதுரமாக வெட்டி, ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்து, பஸ் ஏறும்வரை மேலே கையை வைத்துக்கொண்டே போனார்.

மாமாவுக்கு வயதாகி ஆள் மறந்துவிட்டது என்றுதான் நான் முடிவுகட்டினேன். காலையில் சரியாகச் சொன்னவர் பதினொரு மணிக்குள் எப்படி மறந்தார் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இல்லை. பெரியவர்களைத் திருத்தக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்ததும், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, அப்பாவின் கல்யாணப் படத்தைக் கழற்றினேன். கண்ணாடி முன்னால் போய் நின்று, அவர் காதையும் என் காதையும் மாறிமாறிப் பார்த்தேன். அவ்வளவாக ஒத்துப்போகவில்லை.