இரண்டாவது ஊசி

என் மனைவியின் அண்ணரை நான் ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. டொக்டர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைப் பெயர் சொல்லாமல் 'ஐசே' என்பார். லண்டன் ஹவுன்ஸ்லோவில் புதுவீடு குடிபுகுந்த அன்று, வந்த சனத்தையெல்லாம் வாசலில் சப்பாத்தைக் கழற்றவைத்து, தை மாதக் குளிருக்குள் வெறுங்காலோடு கராஜுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காரைக் காட்டினார். அதை நான் ஒரு சஞ்சிகையில் எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் கால் விறைத்த அத்தனை பேருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. மனைவிக்கு அப்படியில்லை. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு அண்ணர்.

இந்த நிலைமையில்தான் என் புத்தகம் அச்சாகி வந்தது. பிரெஞ்சு மருத்துவ விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கை வரலாறு. லண்டனுக்கு வருமுன் பாரிஸில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரைப் பழைய புத்தகக் கடையொன்றில் அவர் எழுதிய நாடகம் கையில் அகப்பட்டது. படுமோசமான நாடகம். அதை எழுதியவர் மருத்துவத்தில் உலகத்தின் மிகப் பெரிய பரிசை வாங்கியவர் என்று முன்னுரையில் இருந்தது. எனக்கு உடனே ஆளைப் பிடித்துவிட்டது.

மனுசன் கைவைக்காத இடமில்லை. கவிதை, பறக்கும் யந்திரம், யுத்த எதிர்ப்பு, ஆவிகளோடு பேச்சுவார்த்தை. இதற்கெல்லாம் நடுவில்தான் அந்தக் கண்டுபிடிப்பு. கடலடியில் பூப்போல ஒட்டிக்கிடக்கும் ஒரு உயிரின் நஞ்சை நாய்களுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். தப்பிய நாய்களுக்கு நஞ்சு பழகியிருக்கும் என்று நம்பி, சில வாரம் கழித்து மிகக் கொஞ்சமாக இன்னொரு ஊசி போட்டார். நாய் சில நிமிடங்களில் செத்துப்போனது. முதல் ஊசியை உடம்பு பழகிக்கொள்ளவில்லை. பகையாக நினைவில் வைத்திருந்தது.

வெளியீட்டு விழாவுக்குத் தலைமை யார் என்ற கேள்வி வந்தது. எங்கள் சனத்தில் வைத்தியம் பற்றிய புத்தகத்தை வைத்தியர் இல்லாமல் வெளியிட ஏலாது. எனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர்தான்.

"அண்ணையைக் கேளுங்கோ," என்றாள் மனைவி.

"அவர் வரமாட்டார்."

"எனக்காக வரமாட்டார். தலைமை எண்டால் வருவார்."

வந்தார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மண்டபம், சனிக்கிழமை பின்னேரம். மேடைக்குப் பின்னால் கதிரைகள் அடுக்கிய அறையில் வைத்து முதல் பேச்சு.

"ஐசே, கடைசி அத்தியாயத்தை ஏன் வைச்சனீர்?"

கடைசி அத்தியாயம் அந்தப் பெரிய மனிதரின் சின்னத்தனம் பற்றியது. அவர் மனித இனங்களை மேல், கீழ் என்று தரம் பிரித்தவர். வெள்ளைக்காரர் மேல்படி. மற்றவர்கள் பெருகக்கூடாது என்று புத்தகமே எழுதியிருக்கிறார்.

"அவர் எழுதினதுதானே, டொக்டர்."

"ஒரு வைத்தியரைக் கேவலப்படுத்தத்தான் உமக்குத் தெரியும். அது உம்மட தொழில்."

அவர் மேடைக்குப் போனதும் மனைவி என் சால்வையைச் சரிசெய்வதுபோல் கிட்ட வந்தாள். "இஞ்சேருங்கோ, ஏற்புரையில நன்றி மட்டும் சொல்லுங்கோ. நான் அண்ணை வீட்டுப் படி மிதிச்சு எத்தனை வருசம்." ஓம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

தலைமையுரை தொடங்கி, வடை ஆறி, தேத்தண்ணி ஆறி, பின்வரிசையில் இரண்டு பேர் நித்திரையாகியும் முடியவில்லை. நூலாசிரியர் உயர்தரப் பரீட்சையில் விலங்கியல் கோட்டை விட்டவர் என்றார். உண்மை. ஆவிகளைப் பற்றிய அத்தியாயம் ஆவிகளே எழுதியதுபோல் இருக்கிறது என்றார். அதில் நானே சிரித்துவிட்டேன். கடைசியாக, "இப்பிடியான ஒரு மேதையை விளங்கிக்கொள்ள ஒரு தரம் வேணும். கோப்பை கழுவின கையால எழுதினால் இப்பிடித்தான் வரும்," என்றார். யாரோ கைதட்டினார்கள்.

மனைவி முன்வரிசையில் இருந்து என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

நான் எழும்பி எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அதோடு இருந்திருக்கலாம். "தலைவருக்கு ஒரேயொரு விசயம்," என்றேன். "நாங்கள் சொல்லுற இந்த மேதை எங்கட நிறத்து ஆக்களுக்கும் ஒரு படி ஒதுக்கி வைச்சவர். அந்தப் படியில டொக்டரும் நானும் பக்கத்தில பக்கத்தில நிக்கிறம்."

மண்டபம் சிரித்தது. நித்திரையான இருவரும் எழும்பிச் சிரித்தார்கள். டொக்டரின் முகம் சிவந்து, பிறகு சாம்பலானது. வெள்ளைக்காரர் தன்னைக் கீழே வைத்தது அவருக்குப் பெரிய விசயமில்லை. என்னோடு வைத்ததுதான் தாங்கவில்லை. பொன்னாடையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். மேசையிலிருந்த புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மனைவி எழும்பிப் பின்னால் ஓடினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விற்காத புத்தகக் கட்டுகளோடு நான் ஸ்ட்ரெதமுக்குத் தனியே வந்தேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போது தொலைபேசி அடித்தது.

"நான் அண்ணை வீட்டை நிக்கிறன்."

"உள்ள விட்டவரோ?"

"அவர்தான் காரில ஏத்தினவர். உன்னை இந்த மனுசனுக்குக் குடுத்தது என்ர பிழை எண்டு ஒரே அழுகை. அண்ணி இடியப்பம் அவிக்கிறா." அவள் குரலில் அத்தனை வருசமும் நான் கேட்காத ஒரு சந்தோசம் இருந்தது.

"என்ர புத்தகம்?"

"மடியில வைச்சிருக்கிறார். சிவப்புப் பேனையால பிழை திருத்துறார். திருத்தி முடியுமட்டும் என்னைப் பக்கத்தில இருக்கட்டாம்."

"எப்ப வாறீர்?"

"தெரியாது. பெரிய புத்தகமெல்லோ எழுதி வைச்சிருக்கிறியள்."

பின்னால் டொக்டர் என் வசனமொன்றை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வாசிக்கக் கேட்டபோது, மோசமான வசனமாகத்தான் இருந்தது.