சுண்டக் காய்ச்சிய கடல்தண்ணீர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு அன்று காலை எனக்குச் சோதனை ஓட்டம். தூக்கம் வரவழைக்கும் எந்த மாத்திரையும் போட்டுவிட்டு கேபினில் ஏறக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எனக்கோ கரித்தூசி பட்டால் தும்மல் நிற்காது. கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரை தும்மலை அடக்கும். கூடவே கண்ணும் சொருகும். எங்கள் குடும்பத்தில் படித்து ஒரு சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். கொட்டாவி விட்டு இந்த வேலையைக் கோட்டைவிட முடியாது.

ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டு வைத்தியத்தில் இறங்கினேன். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். மூக்கடைப்பு கொஞ்ச நேரம் விட்டது, தும்மல் விடவில்லை. கற்பூரவல்லிச் சாறு வயிற்றைத்தான் புரட்டியது.

அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கப் போகிறவர். "தண்ணிக்குள்ள எறங்குதவனுக்குத் தும்மல் ஏதுலே? உப்புத்தண்ணி மூக்கக் கழுவிட்டுப் போயிருது" என்று முந்தின நாளே ஆழக்கடலில் இருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். உப்புத்தண்ணீர் தூசியைக் கழுவும் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். சோதனை அன்று காலை அதைக் காய்ச்சி ஆறவைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து, குனிந்து, மூக்கில் ஊற்றினேன். மண்டைக்குள் யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல் இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"என்னம்மா போட்ட இதுல?"

"ஒண்ணும் போடலய்யா. கசாயம் மாதிரி பாதியாச் சுண்ட வச்சேன். அப்பதான சாரம் எறங்கும்?"

"உப்புத்தண்ணியச் சுண்டுனா உப்புல்லாம்மா மிஞ்சும்!"

எனக்காக அன்று கடலுக்குப் போகாமல் இருந்த அப்பா, "ஏளா, பிள்ளையக் கருவாடு போட்டுட்டியே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சோதனை அதிகாரி என் கண்ணைப் பார்த்ததுமே நிறுத்தினார்.

"ஏலே, என்ன இப்படிச் செவந்து கெடக்கு? ஊத்திட்டு வாரியா?"

"இல்ல சார். மூக்குலதான் உப்புத்தண்ணி ஊத்துனேன்."

"மூக்கு வழியாவும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாயால் ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டினார். ஊதினேன். ஒன்றும் காட்டவில்லை. என்னை இன்னொரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்ணத் தொடச்சிட்டு ஏறு" என்றார்.

மேலே ஏறினேன். சுமை தரையை விட்டுக் கிளம்பும்வரை மூக்கு எரிந்ததே தவிர வேறு தொந்தரவு இல்லை. சுமையைப் பாதி தூரம் கொண்டுபோனபோது பக்கத்துக் கப்பலில் கரி இறக்கத் தொடங்கினார்கள். மூக்கின் உச்சியில் அந்தக் குறுகுறுப்பு. கீழே சிக்னல் காட்டுபவர் வா, வா என்று கையசைக்கிறார். லீவரில் கையை வைத்துக்கொண்டு தும்மினால் சுமை வீசியடிக்கும். நடுவழியில் நிறுத்தினால் ஓட்டத் தெரியாதவன் என்று எழுதிவிடுவார்களோ? மூச்சை அடக்கிப் பார்த்தேன். அடங்கவில்லை.

லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து ஓட்டத்தை நிறுத்தினேன். சுமையின் ஆட்டம் அடங்கியது. ஹாரன் அடித்துவிட்டுக் கையை எடுத்தேன். கேபின் அதிரத் தும்மினேன். ஓய்ந்த பிறகு, கோடு போட்ட கட்டத்துக்குள் சுமையை இறக்கினேன்.

"ஏன் நிப்பாட்டுன?" கீழே வந்ததும் அதிகாரி கேட்டார்.

"தும்மல் சார்."

"லீவர்ல கை இருந்துச்சா?"

"எடுத்துட்டேன் சார்."

கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டார். "பாஸு. ஆனா இந்த மூக்க டாக்டர்ட்ட காட்டி, தூக்கம் வராத மருந்து எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் கேபின் கெடையாது."

வீட்டுக்குப் போகவில்லை. வாசலிலேயே பஸ் பிடித்து, பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை வரிசையில் போய் நின்றேன்.