இரண்டாவது விளக்கு

போன ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற ரயில்காரர்கள் முன்னால் என் வீட்டுக்காரர் ஒரு நீராவி எஞ்சினைக் கொண்டுபோய் நிறுத்தினார். கம்ப்யூட்டர் எஞ்சின்தான். ஆனால் அன்றைக்கு அவர் பட்ட பாடு நிஜம்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். சதுரச் சதுரக் கட்டைகளை அடுக்கி வீடு, கோட்டை என்று கட்டுகிற வீடியோ கேம் ஒன்று இருக்கிறதே... வகுப்பில் பிள்ளைகள் எந்நேரமும் அதைப் பற்றியே பேசுகிறார்கள், என்னதான் என்று பார்ப்போம் என உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நாலு மாதமாக காய்கறி வாங்குவது முதல் கேஸ் புக் பண்ணுவது வரை எல்லாம் என் தலையில். அவர் எஞ்சின் கட்டுகிறாராம்.

எந்த எஞ்சின்? எங்கள் தெருப் பேச்சிமுத்து அண்ணாச்சி, மீட்டர் கேஜ் காலத்தில் செங்கோட்டைப் பாதையில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். அவர் வேலை பார்த்த எஞ்சினை எப்போதோ உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதுவும் மங்கல். அதை இவரிடம் கொடுத்தபோது அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கெட்டுனா சரியாக் கெட்டணும் சார். ஏனோதானோன்னா வேண்டாம்."

அவ்வளவுதான். அண்ணாச்சி ஒரு தடவை தலையாட்ட வேண்டும் — அதுவே இவருக்கு லட்சியமாகிவிட்டது. நிஜத்தில் ஒரு சாண் என்றால் கேமில் ஒரு கட்டை என்று கணக்குப் போட்டார். சதுரக் கட்டையில் வட்டச் சக்கரம் வர வைக்க மட்டும் மூன்று வாரம். அந்தத் துன்பத்தைச் சாப்பிடுகிற நேரமெல்லாம் எனக்கும் பரிமாறினார்.

முடித்துவிட்டுக் காட்டியபோது, உண்மையைச் சொல்கிறேன், அசந்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். உச்சியில் ஒரு விளக்கு இருக்கிறது. அதற்குக் கீழே, எஞ்சின் முகத்துக்கு நட்ட நடுவில் பெரிதாக இன்னொன்று. எதற்கு இரண்டு?

"செங்கோட்டை தாண்டுனா குகை வருதுல்லா? மலைப்பாதைக்கு எக்ஸ்ட்ரா லைட்டு" என்றார். படத்தையும் காட்டினார். ஆமாம், வெளுப்பாக ஒரு வட்டம், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கணக்கு வாத்தியார் நிரூபித்துவிட்டால் அப்பீல் உண்டா?

ஞாயிறு வந்தது. சர்ச் முடிந்து வந்தவர் ஒழுங்காகச் சாப்பிடக்கூட இல்லை. ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஹாலில் ரயில்காரர்களின் மாதக் கூட்டம். நானும் கூடப் போயிருந்தேன். திரையில் எஞ்சின் தெரிந்ததும் ஒரே கைதட்டல். முன்வரிசையில் பேச்சிமுத்து அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தலை அசையவில்லை. பதற்றத்தில் இவர் பேச ஆரம்பித்துவிட்டார் — இரண்டாவது விளக்கைப் பற்றி, விலாவாரியாக, குகையின் இருட்டு உட்பட.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. பழைய டிரைவர் ஒருவர்தான் இரக்கப்பட்டு விளக்கினார். அது ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்த படமாம். எஞ்சின் முகத்தில் அப்பியிருப்பது சந்தனம். நடுவில் இருப்பது குங்குமம்.

வருஷா வருஷம் பக்கத்து வீடுகளிலிருந்து ஆயுத பூஜைப் பொரி வாங்கிச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. பொரியைப் பார்த்த அளவுக்குப் பூஜையைப் பார்க்கவில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இவர் முகம் செத்து, மௌஸைப் பிடித்து அந்த வட்டத்தை அழிக்கப் போனார்.

"அழிச்சிராதீங்க சார்."

பேச்சிமுத்து அண்ணாச்சி. பைய எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இந்தச் சந்தனம் நான் வச்சது. எட்டலன்னு முன்பலகை மேல ஏறி நின்னு வச்சேன்."

நான் கைக்குட்டையைத் தேடினேன்.

அண்ணாச்சி அப்போதும் தலையாட்டவில்லை. திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "எல்லாஞ் சரி. வாழைய எங்க?"

படத்தில் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் வாழை இருந்தது உண்மை. பூஜைக்குக் கட்டிய வாழை. இவர் அதைத் தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டம் என்று விட்டுவிட்டார். குறை சொல்ல முடியுமா? தாமிரபரணிக் கரையில் எங்கே நின்று படம் எடுத்தாலும் பின்னால் நாலு வாழை நிற்கத்தானே செய்யும்?

யோசித்துப் பார்த்தேன். தெரியாத விஷயத்தை நாம் கேட்டுக்கொள்கிறோம். தினம் பார்க்கிற விஷயத்தை யார் கேட்கிறார்கள்? சக்கரத்தின் அளவை இவர் பத்துப் பேரிடம் விசாரித்தார். வாழையைப் பற்றி ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

அடுத்த சிக்கல், அந்த கேமில் வாழை மரமே கிடையாதாம். திருநெல்வேலியில் வாழைக்குப் பஞ்சம் வந்த ஒரே இடம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்தான். பச்சைக் கட்டையாக அடுக்கி இவரே வாழை செய்தார். வீட்டுக்கே வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அண்ணாச்சி, குலை தள்ளிய வாழையாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். நேற்று குலையும் வந்தது.

அண்ணாச்சி தலையாட்டினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

நான் ஓடிப்போய்ப் பொரி வாங்கி வந்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம் — இந்தத் தடவை பூஜையையும் பார்த்துவிட்டு.